பால்காரர் வீட்டில் பால் இல்லை

ஜூன் 1, ஞாயிறு

இன்று சமையலறையைக் காலி செய்தோம். கோதுமை மாவு, ரவை, சேமியா, பிஸ்கட் டின், நெய் பாட்டில், தயிர்ச் சட்டி, எல்லாம் மாடி வீட்டுக்குப் போயிற்று. மாடி வீட்டம்மா வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "பால்காரர் வீட்டுலயே பால் இல்லையா?" என்று ஒரு சிரிப்பு. சிரிக்கட்டும்.

நான் பூபாலன். மதுரை வில்லாபுரத்தில் பால் ஏஜென்ட். விடியுமுன் வேன் வந்து முன்னறையில் டிரே டிரேயாகப் பாக்கெட் இறக்கும். வெளிச்சம் வந்ததும் வீடு வீடாகப் போட்டுவிட்டு வருவேன். பால் கம்பெனி வருடா வருடம் ஒரு டைரி கொடுக்கும். இதுவரை என் மனைவி வாசுகிதான் அதில் கோலம் போட்டுப் பார்ப்பாள். இப்போது எனக்கு வேலை வந்திருக்கிறது. பிள்ளை என்ன தின்றான், என்ன செய்தான் என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார், வாட்ஸ்அப் குரூப்பில் டயட் சொல்லித்தருகிற ஹேமலதா மேடம்.

தருணுக்கு எட்டு வயது. ஆட்டிசம். சொந்தமாகப் பேசுவதில்லை. காதில் விழுந்ததை விழுந்த குரலிலேயே திருப்பிச் சொல்வான். உடனே சொல்ல மாட்டான், இரண்டு நாள் கழித்தோ பத்து நாள் கழித்தோ திடீரென்று வரும். கண்டக்டர் குரலில் "பெரியார், பெரியார், உள்ள ஏறுங்க" என்பான். பால் வேன் டிரைவர் மாதிரி இருமுவான். அந்த இருமலைக் கேட்டு நானே ஒருமுறை எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கிறேன்.

தின்பது மூன்றே பொருள். பால், பாலில் நனைத்த பன், தயிர்ச்சோறு. மூன்றும் இன்றோடு சரி. ஆஸ்பத்திரி டாக்டர், "இந்த டயட்டால ஆட்டிசம் சரியாகும்னு நிரூபணம் எதுவும் இல்ல. எதையாச்சும் நிறுத்துறதா இருந்தா எங்ககிட்ட கேட்டுட்டு நிறுத்துங்க" என்றார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார். மேடம் அப்படி இல்லை. போனில் ஒரு மணி நேரம் பேசினார். பாலும் கோதுமையும் குடலில் விஷமாகி மூளைக்கு ஏறுகிறதாம். நிறுத்தினால் பேச்சு வருமாம். பேச்சு வரும் என்று அவர் சொன்னதும் எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. அவன் சொந்தக் குரலில் ஒரே ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டால் போதும் எனக்கு.

கோதுமையை நிறுத்துவது ஒரு பெரிய விஷயமா? நாம் என்ன சப்பாத்தி தின்றா வளர்ந்தோம்? இட்லி, தோசை, ரசஞ்சோறு. போதாதா?

ஜூன் 2, திங்கள்

தேங்காய்ப்பால் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தான். டம்ளரோடு என் முகத்தில் விட்டெறிந்தான். மூக்கில் ரத்தம். இட்லியைத் தொடவில்லை.

ஜூன் 4, புதன்

இரண்டு நாள் பட்டினி கிடந்தவனுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறதோ. காலையில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பார்த்தான். பால் இல்லை. கதவில் தொங்கிக்கொண்டு ஆட்டினான். உள்ளே இருந்ததெல்லாம் சரிந்து விழுந்தது. தூக்கப் போனேன். முன்கையில் பல் பதித்துவிட்டான். விடவே இல்லை. சதை பிய்ந்து தொங்கியது. தையல் போட்ட கம்பவுண்டர் நாய் ஊசியும் போடணுமா என்று கேட்டான். அந்த இடத்திலேயே அவன் சட்டையைப் பிடித்திருப்பேன், கையில் ஊசி ஏறியிருந்தது.

சாயங்காலம் டிவி போயிற்று. ரிமோட்டால் குத்திக் குத்தியே உடைத்தான். வாசுகி கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "என்னங்க, பாதிப் பாலாச்சும் குடுத்துப் பார்ப்போமே" என்றாள். மேடத்திடம் கேட்டேன். "சூப்பர் சார்! இதுதான் நாம எதிர்பார்த்தது. உள்ள இருக்குற விஷம் வெளிய போறப்ப குழந்தைங்க வெறி பிடிச்ச மாதிரி இருப்பாங்க. எவ்வளவுக்கு எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு அவ்வளவு வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார்.

அப்படியென்றால் நன்றாகவே வேலை செய்கிறது. ராத்திரி ரசஞ்சோறு கொஞ்சம் தின்றான். பெருங்காயம் தூக்கலாகப் போட்டு வாசுகி வைக்கிற ரசம். தெருவுக்கே மணக்கும். அப்பாடா என்றிருந்தது.

ஜூன் 6, வெள்ளி

விடியற்காலையில் வேன் இறக்கிவிட்டுப் போகுமுன்பே முன்னறையில் சத்தம். லைட்டைப் போட்டேன். டிரேக்களுக்கு நடுவில் உட்கார்ந்து பாக்கெட்டுகளைப் பல்லால் கடித்துப் பிய்த்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். தலையெல்லாம் பால், தரையெல்லாம் பால். ஐந்து நாள் விரதம் ஐந்து நிமிடத்தில் போயிற்று. மேடம் என்ன சொல்லியிருக்கிறார்? ஒரு சொட்டு உள்ளே போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கன்னத்தில் ஒரு தட்டு தட்டினேன். எந்த அப்பன் தட்டாமல் இருப்பான்? தட்டியதில் டிரே விளிம்பின் மேல் சாய்ந்துவிட்டான். வாசுகி ஏதோ சொன்னாள். வேன் ஹார்ன் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

பால் லைனுக்குப் போக நேரமாகிவிட்டது. நாலைந்து வீட்டில் திட்டு.

ஜூன் 7, சனி

வாசுகி என்னிடம் பேசவில்லை. இனிமேல் வேன் வந்தால் டிரேக்களை வாசலிலேயே இறக்கச் சொல்லிவிட்டேன். முன்னறைக் கதவுக்குப் புதுப் பூட்டு.

தருண் இடது கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான். புதுப் பழக்கம். மேடத்துக்கு வீடியோ அனுப்பினேன். விஷம் முகத்து வழியாக இறங்குகிறது என்றார்.

ஜூன் 9, திங்கள்

இன்று தெருவில் என் மானம் போயிற்று. போனால் போகட்டும்.

பள்ளி வேன் நிற்கிற முக்கில் சோணை அண்ணன் டீக்கடை. தருணைச் சிறுசிலிருந்து தெரியும் அவருக்கு. பைக்கை நிறுத்திவிட்டுத் திரும்புகிறேன், பிள்ளை கையில் பன். பாலில் முக்கிய பன்! ஒரு துண்டு வாய்க்குள் போய்விட்டது, மீதியும் வாயருகே. பிடுங்கி எறிந்தேன். பிள்ளை தரையில் விழுந்து தார் ரோட்டில் தலையை மோதினான். நெற்றி பிளந்துவிட்டது.

"எவன்யா உன்னைக் குடுக்கச் சொன்னது?" என்றேன்.

"ஏப்பா பூபாலா, பச்சப்புள்ள ஏக்கமா பாத்துக்கிட்டு நிக்குது. ஒரு பன்னு தின்னா என்ன குடியா முழுகிரும்? இந்தா, கடிக்க மாட்டாம அந்தப் பக்கமாவே ஒதுக்கி ஒதுக்கி மெல்லுது. வாய்ல என்னமோ புண்ணு போலருக்கு, பாத்தியா?"

"எம் பிள்ளை வாயை நீ பாக்காத."

பேச்சு வளர்ந்தது. பிஸ்கட் ஜாடியை எடுத்துச் சுவரில் அடித்தேன். அவர் மகன் பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்தான். முழங்கையால் இடித்ததில் அவனுக்கு உதடு கிழிந்தது. எனக்கும் முதுகில் இரண்டு விழுந்தது. நாலு பேர் விலக்கிவிட்டார்கள். "பைத்தியம் பிடிச்சது பிள்ளைக்கா அப்பனுக்கா" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். யாரென்று பார்த்து வைத்திருக்கிறேன்.

பதினைந்து வருடமாக அந்தக் கடைக்கு என் பால்தான். நாளையிலிருந்து வேறு ஏஜென்டாம்.

ஜூன் 12, வியாழன்

ரசஞ்சோற்றைக் கூழாகக் கரைத்துக் கொடுத்தால்தான் இறங்குகிறது. மெல்லுவதே இல்லை. சோம்பேறித்தனம்.

மத்தியானம் வாசுகி அவனுக்குத் தலை வாரப் போயிருக்கிறாள். சீப்பு கன்னத்தில் பட்டதோ என்னவோ, பாய்ந்து அவள் தோளைக் கடித்தான். அவள் அலறியதில் மாடி வீட்டம்மா இறங்கி ஓடி வந்துவிட்டார். பிறகு ஜன்னல் கம்பியில் தலையை மோத ஆரம்பித்தான். டங், டங் என்று. நிறுத்தவே முடியவில்லை. இரண்டு கையையும் துண்டால் கட்டி மடியில் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் திமிறினான், என் வயிற்றில் உதைத்தான், என் மேலேயே ஒன்றுக்குப் போனான். அப்புறம் அடங்கிப்போய்க் கன்னத்தை என் முட்டியில் அழுத்தி வைத்துக்கொண்டான். அழுத்தி, அழுத்தி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கட்டை அவிழ்த்துவிடச் சொல்லி வாசுகி காலில் விழுந்தாள். நான் என்ன கொலைகாரனா? அவிழ்த்துத்தான் விட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. வாசுகி தோளில் மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

பேச்சு வந்துவிட்டது!

காலையில் டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போனேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். கண்ணுக்குக் கண். அப்புறம் தெளிவாக, அட்சர சுத்தமாக, "இனிமே குடிப்பியா?" என்றான். எந்த விளம்பரத்திலும் வராத வார்த்தை. எந்தக் கண்டக்டரும் சொல்லாதது. தண்ணீரைப் பார்த்துக் குடிப்பதைப் பற்றிக் கேட்கிறான் என்றால் மூளை வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? குரல்கூட என் ஜாடை. அப்பன் குரல் பிள்ளைக்கு வராமல் எங்கே போகும்?

"வாசு, ஓடியா! பேசுறான்டி!" என்று கத்தினேன். ஓடி வந்தாள். அவள் எதிரிலும் சொன்னான். "இனிமே குடிப்பியா? குடிப்பியா?"

வாசுகி அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு எப்போதுமே சந்தோஷம் வந்தாலும் அழுகைதான்.

குரூப்பில் போட்டேன். கைதட்டலாகக் குவிந்தது. மேடம் குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "பூபாலன் சார் மாதிரி ஒரு அப்பா எல்லாக் குழந்தைக்கும் கிடைக்கணும்." அதை நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

ஜூன் 18, புதன்

தருணுக்குச் சதை பிடிக்கிறது. கன்னம் பொதுபொதுவென்று வந்திருக்கிறது, இடது பக்கம் மட்டும். உடம்பும் கதகதவென்று இருக்கிறது. ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதற்கு அடையாளமாம், குரூப்பில் ஒருவர் சொன்னார். மற்றபடி கை கால் குச்சியாகத்தான் இருக்கிறது.

இன்று பள்ளியில் ஒரு பிள்ளையின் மேல் நாற்காலியை வீசியிருக்கிறான். இனி அனுப்ப வேண்டாம் என்று டீச்சர் போனில் சொன்னார். பேச்சு வந்த பிள்ளையை வேண்டாம் என்கிறார்கள். பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் குரூப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மா கேட்டிருந்தார்: "எல்லாரும் பெருங்காய டப்பாவைப் பாத்துட்டீங்கதானே? கூட்டுப் பெருங்காயத்துல கோதுமை மாவுதான் பாதி."

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஒளிக்காமல் மறைக்காமல் போட்டிருக்கிறது. கோதுமை மாவு. ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றையும் மாடிக்கு அனுப்பினோம். இந்த மஞ்சள் டப்பா அடுப்பு மேடையிலேயே, தீப்பெட்டிக்குப் பக்கத்தில், என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. சோறு தின்கிற வீட்டில் கோதுமை எங்கிருந்து வரும் என்று இறுமாப்பாக இருந்தேன். அவன் தின்றது ரசஞ்சோறு மட்டும். காலையும் ராத்திரியும் ரசம்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கொதித்துக்கொண்டிருந்த ரசச் சட்டியைத் தூக்கித் தொட்டியில் அடித்தேன். கையெல்லாம் வெந்துவிட்டது. "நீ சமைக்கிறவதானே? படிச்சுப் பாக்க மாட்டியா? எம் பிள்ளைக்கு விஷத்தை ஊத்தி ஊத்தி வச்சிருக்கியே" என்று வாசுகியின் முடியைப் பிடித்தேன்.

அவள் கையில் இரும்புக் கரண்டி இருந்தது. திருப்பி ஓங்கி என் தோளில் போட்டாள். இன்னொன்று போட்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, "யோவ்" என்றாள்.

"யோவ், நில்லுய்யா. அப்ப இத்தனை நாளும் எந்த விஷம் வெளிய போச்சு? கோதுமையை நிறுத்தவே இல்லையே, அப்புறம் எது போயி எம் பிள்ளை இப்படித் துடிக்குது? சொல்லு. ஏன் இந்தக் கன்னத்துலயே அடிக்கிறான்? அந்தக் கன்னத்துல ஏன் அடிக்கல?"

மேடத்துக்குப் போன் போட்டேன். பெருங்காயம் பற்றிச் சொன்னதும், "அப்ப எதுவுமே கணக்கு இல்ல சார், முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார். கன்னத்தைப் பற்றிக் கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

வாசுகி தருணை மடியில் சாய்த்து வாயைத் திறக்கப் பார்த்தாள். அவள் விரலைக் கடித்தான். ரத்தம் வந்தது, அவள் விரலை எடுக்கவில்லை. நான் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். உள்ளேயிருந்து ஒரு நாற்றம் வந்தது. இடது பக்கக் கடைவாயில் ஈறு கன்றிப்போய்ப் பந்தாக வீங்கியிருந்தது. நெற்றியைத் தொட்டேன், அனலாக இருந்தது.

சோணை அண்ணன் சொன்னார். பன்னை நான் பிடுங்கி எறிந்த அன்றைக்கே, வாயில் புண் என்று சொன்னார்.

ஜூன் 21, சனி

பல் ஆஸ்பத்திரி. சின்ன வயது டாக்டரம்மா. தருண் நாற்காலியில் உட்கார மறுத்துத் தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் தள்ளிவிட்டான். டாக்டரம்மா கோபப்படவில்லை. தரையிலேயே அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தூரத்திலிருந்தே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கடைவாய்ப் பல்லு ரெண்டா விரிஞ்சிருக்கு. உள்ள சீழ் கோத்துருச்சு. ரொம்ப வலிச்சிருக்கும், பாவம். எங்கயாச்சும் அடிபட்டுச்சா?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் மேடம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எப்ப?"

"இருக்கும், ரெண்டு வாரம்."

வாசுகி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா உறை போட்ட கையை மெதுவாக அவன் இடது கன்னத்துக்குக் கொண்டு போனார். தருண் சுருண்டான். முழங்கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். அப்புறம் என் குரல் கேட்டது. என் கரகரப்பு, என் மூச்சிரைப்பு.

"எத்தனை தடவைடா சொல்றது? இனிமே குடிப்பியா? குடிப்பியா? குடிப்பியா?"

ஒவ்வொரு குடிப்பியாவுக்கும் தன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். பிறகு வாசுகியின் குரல் வந்தது, அப்படியே அவள் குரல். "ஐயோ விடுங்க. வாய்ல ரத்தம் வருதுங்க. செத்துருவான், விடுங்க." மறுபடியும் என் குரல். "தள்ளிப் போடி." மறுபடியும் அறை. கடைசியில் பாம், பாம் என்று இரண்டு ஹார்ன். பால் வேன் ஹார்ன்.

நர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அன்று நான் டைரியில் எழுதியது போலக் கன்னத்தில் ஒரு தட்டு இல்லை. அவன் சொன்னதுதான் நடந்தது. அன்றைக்கு அந்த முன்னறையில் நடந்தது ஒன்று விடாமல் அவனிடம் இருக்கிறது. அதைத்தான் நான் பேச்சு வந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொன்னேன்.

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார், நீங்க வெளிய உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். உள்ளே வாசுகி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து, மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுத்தாயிற்று, மருந்து கொடுத்தால் காய்ச்சல் இறங்கும் என்றார். "குழந்தைங்க நல அலுவலகத்துக்கு இதை நான் சொல்லாம இருக்க முடியாது சார். தெரிஞ்சுக்கங்க."

"சொல்லுங்க மேடம்" என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

குரூப்பிலிருந்து விலகிவிட்டேன். வாசுகி பை கட்டி வைத்திருக்கிறாள். காய்ச்சல் விட்டதும் பிள்ளையோடு தேனிக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை.

ராத்திரி முழுவதும் தருண் கன்னத்தில் அறைந்துகொள்ளவில்லை. இத்தனை நாளில் முதல் தூக்கம் அது.

காலையில் வேன் வந்தது. ஒரு பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சி, நன்றாக ஆற்றி, அவனுடைய பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றினேன். வாசுகி பார்த்தாள், தடுக்கவில்லை. தருண் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றிருந்தான். டம்ளரை நீட்டினேன். பாலைப் பார்க்கவே இல்லை, என் கையைத்தான் பார்த்தான். தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அப்போதும் கையைத்தான் பார்த்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் காலடிச் சத்தம் கேட்டது. மடக் மடக் என்று குடிக்கிற சத்தம் கேட்டது. காலி டம்ளரைத் தரையில் வைத்தான்.

"இனிமே குடிப்பியா?" என்றான், என் குரலில்.

"குடி சாமி" என்றேன், சுவரைப் பார்த்தபடியே. கையை முன்னால் கொண்டுவரவில்லை.